முந்தின நாள் இல்லாத மழை

"குருவே, என் மாடல்ல ஒரு சொட்டுத் தண்ணிகூட எங்கயும் நிக்கல. அப்புறமும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

"அதனாலதான் சார்," அப்படின்னாங்க குரு.

பரஞ்சோதிக்குப் புரியல.

புரியாதப்ப அவரு மூக்குக்கண்ணாடியக் கழட்டித் துடைப்பாரு. துடைச்சாரு. மாட்டிக்கிட்டாரு. அப்பவும் புரியல.

சிஷ்யருக்கு வயசு அம்பத்தி மூணு. குருவுக்கு முப்பத்தஞ்சு.

கீழ்வேலங்குடி நகராட்சியில இருபத்தெட்டு வருசமா மழைநீர் வடிகாலைப் பாத்துக்கிற இன்ஜினியர் பரஞ்சோதி. ஊர்ல எந்தச் சாக்கடைக்கு எந்த மூலையில மூச்சுத் திணறும்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவாரு. கம்ப்யூட்டர் மட்டும் அவருக்கு லேட்டா வந்து வாய்ச்ச சம்பந்தி. கொஞ்சம் மரியாதையா, கொஞ்சம் தள்ளி நின்னுதான் பேசுவாரு.

குருவோட பேரு தாஹிரா. வெளியூரு. நகராட்சிக்காரங்க போடுற மாடலையெல்லாம் சரிபாக்குறது அவங்க வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் பஸ்ல வருவாங்க, அஞ்சு மணி பஸ்ல போயிடுவாங்க. அவங்க கையெழுத்து இல்லாம ஒரு காகிதம்கூட மேல நகராது.

மொத வாரம் அவங்க பக்கத்துல உக்காந்து மாடல் போடக் கத்துக்குடுத்தப்ப, ஆபீஸ்ல கேலிக்குச் சொன்னாங்க, "சார், உங்க குரு வந்தாச்சு"ன்னு.

ரெண்டாவது வாரத்துல இருந்து இவரே அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு. கேலி இல்லாம.

மாடல்னா வேற ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கீழ்வேலங்குடி. அதே தெரு, அதே கூரை, அதே சாக்கடை. பட்டனத் தட்டினா உள்ள மழை பெய்யும். தண்ணி எங்க நிக்குமோ அங்க நீலமாக் காட்டும்.

நீலம் தவறாம வந்து நிக்கிற இடம் கண்ணாறுத் தெரு. ஊரோட பள்ளம் அது. முப்பத்தெட்டு வீடு.

அதுக்கு மேலிடம் ஒரு வழி சொல்லியிருந்துச்சு. தெரு நெடுக எட்டடி அகலத்துக்குக் கான்கிரீட் வடிகால்.

எட்டடிக்கு இடம்?

வீடுங்களோட முன்பக்கம்.

இன்னொரு வழியும் இருந்துச்சு. தண்ணியத் தெருவுக்கே வரவிடாம, வர்ற வழியிலயே மண்ணுக்குள்ள இறக்கிடறது. ரோட்டோரமாப் பள்ளந்தோண்டி மழைத்தோட்டம், புல்லு போட்ட ஓடை, உறிஞ்சு குழி. அதையெல்லாம் மாடல்ல சேர்த்து, தண்ணி அடங்குதுன்னு காட்டிட்டா, இருக்கிற வடிகாலே போதும். வீடுங்க தப்பிச்சுச்சு.

பரஞ்சோதி சேர்த்தாரு. ஒண்ணு ரெண்டு இல்ல. அறுபத்தி மூணு மழைத்தோட்டம். கண்ணாறுத் தெருவைச் சுத்தி அறுபத்திமூவர் உற்சவம் மாதிரி வரிசையா நிக்க வெச்சாரு. நீலம் போன எடம் தெரியல.

சந்தோசத்துல லூர்தம்மாவுக்குப் போன் போட்டாரு. கண்ணாறுத் தெருவுல, வீட்டு முன்பக்கத்துலயே மிளகா மஞ்சா அரைக்கிற மில்லு வெச்சிருக்கவங்க லூர்தம்மா. தெருவுக்காகப் பேசுறதும் அவங்கதான். இருபது வருசமா மில்லு சத்தத்துக்கு மேல பேசிப் பேசி, மில்லு நின்னாலும் தொண்டை நிக்காது.

"சொல்லுங்க சார்! எங்க வீட்டு மூஞ்சி இருக்குமா, போயிடுமா?"

போனைக் காதுல இருந்து ஒரு சாண் தள்ளி வெச்சுக்கிட்டுச் சொன்னாரு.

"இருக்கும்மா. ஒரு சொட்டு வராது."

அப்படி வாக்குக் குடுத்துட்டு வந்துதான் இப்ப குருவுக்கு எதிர்ல உக்காந்திருக்காரு.



"உங்க மழை எப்ப ஆரம்பிக்குது சார்?"

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு."

"எப்ப விடுது?"

"மூணு மணிக்கு. கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டு டக்குனு விட்டுடுது."

"முந்தின நாள்?"

"எதுக்கு முந்தின நாள்?"

"அந்த மழைக்கு."

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "குருவே, இது மாடல் மழை. இதுக்கு ஏது முந்தின நாள்?"

குரு எந்திரிச்சாங்க. சுவத்துல போன வருசத்து மாசக் காலண்டர் இன்னும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பரஞ்சோதி கழட்ட விடமாட்டாரு. அன்னன்னிக்குப் பெஞ்ச மழையை மில்லிமீட்டர் கணக்குல அந்தந்தக் கட்டத்துல செவப்பு மையில எழுதி வெச்சிருக்காரு.

குரு அக்டோபர் தாளைப் புரட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வெரலை வெச்சு நகத்திக்கிட்டே போனாங்க.

இருபத்திரெண்டு. நாப்பத்தொண்ணு. ஒம்பது. அறுவது. முப்பத்தஞ்சு.

காலியா ஒரு கட்டம் இல்ல.

வெரல் நின்னுச்சு.

"யாரு எழுத்து சார் இது?"

பரஞ்சோதி காலண்டரப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டினாரு. தொடைக்காமயே திருப்பி மாட்டிக்கிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாரு.

மாடல்ல மண்ணு காய்ஞ்சிருக்குன்னு இருந்த இடத்துல, ஈரம்னு மாத்தினாரு. முந்தின நாள் பெஞ்ச மழை மண்ணுல இன்னும் இருக்குன்னு அதுக்கு அர்த்தம். பட்டனத் தட்டினாரு.

அறுபத்தி மூணு மழைத்தோட்டமும் மழை தொடங்குறதுக்கு முன்னாடியே தளும்பிக்கிட்டு இருந்துச்சு. சாப்பிட்டு முடிச்சவன் எலையில திருப்பித் திருப்பிச் சோறு போட்ட மாதிரி, ஒண்ணொண்ணும் கைய வெச்சு மறைச்சுது.

நீலம் அமைதியா கண்ணாறுத் தெருவுக்குள்ள நடந்து வந்துச்சு.

லூர்தம்மா மில்லு வாசல்ல நாப்பத்தாறு சென்டிமீட்டர்.

"முழங்கால்," அப்படின்னாரு பரஞ்சோதி. யாருகிட்டன்னு தெரியல.



அடுத்த செவ்வாக்கிழமை. குரு உள்ள நுழையறப்பவே பரஞ்சோதி மொகத்துல பல்ப் எரிஞ்சுது.

"பாருங்க குருவே. ஈர மண்ணுதான். முந்தின நாள் இருக்கு, அதுக்கு முந்தின நாளும் இருக்கு. நீலத்தைக் காட்டுங்க பாப்போம்?"

காணோம்.

"என்ன பண்ணீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. மண்ணு தண்ணி குடிக்கிற வேகம்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அத லேசா..."

"எவ்வளவு இருந்துச்சு?"

"மணிக்குப் பத்து மில்லிமீட்டர்."

"இப்ப?"

"அம்பது."

"ஓ." குரு தலையாட்டினாங்க. "மண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

பின்னால ரெண்டு டேபிள் தள்ளி யாரோ தும்முற மாதிரி சிரிச்சாங்க.

பரஞ்சோதிக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. இருபத்தெட்டு வருசத்துல ஆபீஸ்ல அவரு சத்தம் போட்டதில்ல. போட்டாரு.

"உங்களுக்கென்ன மேடம்! செவ்வா வருவீங்க, செவ்வா போவீங்க. அந்த லூர்தம்மா மூஞ்சியில நான்ல முழிக்கணும்? முப்பத்தெட்டு வீடு! இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள இது போகலைன்னா எட்டடி வடிகால்தான்னு மேலிடம் சொல்லிட்டாங்க. ஒரு கட்டத்துல ஒரு நம்பரு. அத மாத்தினா என்ன குடியா முழுகிடும்?"

குரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

அப்புறம் சொன்னாங்க. "இதுக்கு முன்னாடி நான் இருந்த ஊர்ல ஒரு மாடல் வந்துச்சு சார். எங்கயும் நீலம் இல்ல. போட்டவருக்கு உங்கள மாதிரியே நல்ல மனசு. நானும் கையெழுத்துப் போட்டேன்."

"சரி."

"கார்த்திகையில ஒரு போன். ஒரு வீட்டம்மா. என் நம்பரு எப்படிக் கெடச்சுதோ. கட்டில் மேல நின்னுக்கிட்டுப் பேசுறாங்க. பின்னால தண்ணி சத்தம் கேக்குது. கோவமே இல்ல சார் கொரல்ல. 'மேடம், உங்க கம்ப்யூட்டர்ல எங்க வீடு இப்ப எப்படி இருக்கு?'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காய்ஞ்சிருக்குன்னேன்."



குரு தன்னோட பையத் தொறந்து ஒண்ண எடுத்து அவரு முன்னாடி வெச்சாங்க. ஒரு சாண் உயரத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு. அடியும் இல்ல, மூடியும் இல்ல. உள்பக்கம் கோடு கோடா மில்லிமீட்டர் அளவு போட்டிருந்துச்சு.

"இத வெச்சு என்ன பண்ண?"

"மண்ணுல தட்டி இறக்குங்க. தண்ணி ஊத்துங்க. உக்காருங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."



பரஞ்சோதி ஒரு வாளித் தண்ணியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு, கண்ணாறுத் தெருவை ஒட்டின பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாரு. மாடல்ல பதினேழு மழைத்தோட்டம் இருக்கிற எடம். நெசத்துல ரெண்டு கோல்போஸ்ட்டும் ஒரு ஆடும் இருந்துச்சு.

தட்டி இறக்கினாரு. ஊத்தினாரு. உக்காந்தாரு.

தண்ணி அவரைப் பாத்துச்சு. அவரு தண்ணியப் பாத்தாரு.

கால் மணி. அர மணி.

ஆடு வந்து குழாய்க்குள்ள எட்டிப் பாத்து, ரெண்டு வாய் குடிச்சுது. அடிச்சு வெரட்டிட்டு, திருப்பி நெரப்பிட்டு, மொதல்லேர்ந்து வாட்ச்சப் பாத்தாரு.

"என்ன சார்! தண்ணிக்குக் காவலா!"

திரும்பாமயே தெரிஞ்சுச்சு. லூர்தம்மா. தலையில மொளகாத்தூள் படியாம இருக்கக் கட்டுன துண்டு, அப்படியே வந்திருக்காங்க.

"எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பாக்குறேம்மா."

லூர்தம்மா பக்கத்துல குத்த வெச்சாங்க. குழாய்க்குள்ள பாத்தாங்க.

"இறங்குதா?"

"ஒரு மணி நேரத்துல ரெண்டு கோடு."

"அதுவும் வெயிலு குடிச்சிருக்கும் சார்! இது சுத்தக் கருங்களி! போன தடவை நின்ன மழைத்தண்ணி இருக்கே, பொங்கலுக்குப் பானைய அதுலதான் கழுவுனோம்!"

"இத என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"கம்ப்யூட்டர்ல பாக்குறேன்னீங்க. அதுல தெரியும்னு நெனச்சேன்!"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தண்ணியப் பாத்தாங்க. ஆடு தூரமா நின்னு மூணு பேரையும் பாத்துச்சு. அதாவது தண்ணியையும் சேத்து.

அப்பத்தான் லூர்தம்மா தொண்டை எறங்குச்சு. அவ்வளவு சின்னக் கொரல் அவங்ககிட்ட இருக்குன்னே பரஞ்சோதிக்குத் தெரியாது.

"அப்ப மில்லு போயிடும்ல சார்?"

பரஞ்சோதி குழாயப் பிடுங்கினாரு. மண்ணு விடல. ரெண்டு ஆட்டு ஆட்டித்தான் எடுக்க முடிஞ்சுது. வாளியில மிச்சம் இருந்த தண்ணியோட நடந்தாரு. பதில் சொல்லலைன்னு பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு.



ஆபீஸ் கேட்டுக்கு வர்றப்ப மணி மூணே கால்.

நகராட்சி ஆபீஸ் ஊரோட மேட்டுல இருக்கு. முன்னால பெரிய வாசல், பக்கத்துல பஸ் ஸ்டாண்டு, அதுக்கும் பக்கத்துல தெனசரி மார்க்கெட். மூணும் சேத்துப் பதினோரு ஏக்கர், மூணும் நகராட்சியோடது. தரை முழுக்கப் பளபளன்னு பேவர் பிளாக். ஆபீஸ் வாசல் நடுவுல ஒரே ஒரு வாதாம் மரம், அதைச் சுத்தி ஒரு கெஜத்துக்குச் சதுரமா மண்ணு விட்டிருந்துச்சு.

வாளியக் காலி பண்ணணும். மரத்தடியில சாய்ச்சாரு.

உள்ள போக ரெண்டு எட்டு வெச்சாரு. ஏதோ உறுத்துச்சு. திரும்பிப் பாத்தாரு.

தண்ணியக் காணோம்.

மரத்துக்குப் பின்னால போயிப் பாத்தாரு. அங்கயும் இல்ல.

கொழாயடிக்குப் போயி இன்னொரு வாளி பிடிச்சாந்து ஊத்தினாரு. செவச் செவன்னு சரள மண்ணு. 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

குழாய்த் துண்டைத் தட்டி இறக்கினாரு. ஊத்தினாரு. உக்காந்தாரு.

மூணு தடவை ஊத்தி மண்ணை நல்லா நனைய விட்டு, நாலாவது தடவைதான் வாட்ச்சப் பாத்தாரு. மணிக்கு எழுவது.

உக்காந்த எடத்துல இருந்தே அவரு தலைய மெதுவாத் திருப்பினாரு. ஆபீஸ் வாசல். பஸ் ஸ்டாண்டு. மார்க்கெட்டு. சரிவு தெற்கால போகுது. தெற்கால இறங்கினா கண்ணாறுத் தெரு. அந்தச் சரிவு அவருக்கு அங்குலம் அங்குலமாத் தெரியும்.

போட்டதே அவருதான்.

ஒம்பது வருசத்துக்கு முன்னாடி ஒரு மந்திரி வந்தாரு. முறைப்படி கல்லுக்கடியில மணல்தான் போடணும். மந்திரி கார் குலுங்கக் கூடாதுன்னு பரஞ்சோதி கான்கிரீட் போட்டு, அது மேல கல்லப் பதிச்சாரு. ஒரு சொட்டு உள்ள போகாது. நல்ல வேலைன்னு மேடையில கூப்பிட்டு சால்வை போட்டாங்க.

அறுபத்தி மூணு தோட்டத்தையும் பள்ளத்துல போட்டாரு. மேட்டுல ஒண்ணுகூடப் போடல. போடக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆபீஸ் வாசல்ல போடலாம்னு தோணவே இல்ல, அவ்வளவுதான். மாடல்ல இந்தப் பதினோரு ஏக்கரும் சாம்பல் கலர்ல, 'மாற்றம் இல்லை'ன்னு எழுதி, மூடி வெச்சிருந்தாரு.



நாலரை மணிக்கு குரு பையத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாங்க.

பரஞ்சோதி முழங்கால் வரைக்கும் செம்மண்ணோட வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தாரு. பள்ளத்துல இருந்த தோட்டத்தையெல்லாம் ஒண்ணொண்ணாத் தூக்கினாரு. மேட்டுல சாம்பலா இருந்ததைத் தொறந்து மண்ணாக்கினாரு. சரிவு நெடுக மழைத்தோட்டம் போட்டாரு.

"மண்ணு குடிக்கிற வேகம் எவ்வளவு போடுறீங்க?" குரு கேட்டாங்க.

"முப்பத்தஞ்சு."

"அளந்தது?"

"எழுவது. ஆனா நாள்பட நாள்பட மண்ணு அடைச்சுக்கும்ல. பாதிதான் போட்டிருக்கேன். முந்தின நாள் மழையும் இருக்கு."

குரு பையக் கழட்டி நாற்காலியில வெச்சாங்க.

பட்டனத் தட்டினாரு. உள்ள மழை பெஞ்சுது.

கண்ணாறுத் தெருவுல நீலம் வந்துச்சு. தெருவுல நின்னுச்சு. லூர்தம்மா மில்லுப் படிக்கு நாலு வெரக்கடை கீழ, அப்படியே நின்னுடுச்சு. இருக்கிற வடிகாலே இழுத்துக்கிட்டுப் போச்சு. எட்டடி வேணாம்.

குரு பேனா மூடியத் தொறந்தாங்க. கையெழுத்துப் போட்டாங்க. ஊதிக் காயவெச்சு அவரு கையில குடுத்தாங்க.

"மாடல்ல தொறந்தாச்சு," அப்படின்னாங்க.

ஜன்னலுக்கு வெளிய பாத்தாங்க.

பரஞ்சோதியும் பாத்தாரு. கல்லு பளபளன்னு இருந்துச்சு. சேர்மனோட வெள்ளைக் கார் அதுக்கு மேல நின்னுச்சு. அதுக்கும் மேல, தெற்கால, வானம் கருக்கிக்கிட்டு வந்துச்சு. ஐப்பசி பொறக்க இன்னும் ஒம்பது நாள் இருக்கு.

காகிதத்தை மேலிடத்துக்கு அனுப்பிட்டு, பரஞ்சோதி சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள போனாரு. வெளிய வர்றப்ப தோள்ல கடப்பாரை இருந்துச்சு.

காருக்குள்ள டிரைவர் மாசிலாமணி சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தாரு. பரஞ்சோதி கார்க் கண்ணாடியில டொக்கு டொக்குன்னு தட்டினாரு.

"அண்ணே. வண்டியக் கொஞ்சம் எடுங்க."

மாசிலாமணி கண்ணைத் தொறந்தாரு. பரஞ்சோதியப் பாத்தாரு. கடப்பாரையப் பாத்தாரு. திருப்பிப் பரஞ்சோதியப் பாத்தாரு.

"எவ்வளவு தூரம் எடுக்கணும் சார்?"

பரஞ்சோதி வாசலப் பாத்தாரு. பஸ் ஸ்டாண்டைப் பாத்தாரு. அதுக்கு அந்தாண்ட மார்க்கெட்டைப் பாத்தாரு.

"நீங்க போயிக்கிட்டே இருங்கண்ணே. நான் சொல்றேன்."